வீட்டு கேமும் கைக்கேமும் ஒரே பெட்டிக்குள்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்ஃபில் இருந்து ஆட்கள் லீவுக்கு வருகிற மாதங்களில் எனக்கு வாட்ஸ்அப்பில் கேள்விகள் குவியும். மார்த்தாண்டம், குளச்சல், திங்கள்சந்தை என்று ஊர் மாறும், கேள்வி மாறாது. டிவியில் ஆடுகிற கன்சோலும் கையில் வைத்து ஆடுகிற கன்சோலும் எப்படி ஒன்றாயின, அதனால் நமக்கு லாபமா நட்டமா, எதைக் கொண்டுவரச் சொல்வது? ஆளாளுக்குத் தனித்தனியாகத் தட்டி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன்.

ஒரே ஹார்டுவேர் என்கிறார்களே, அப்படி என்றால் என்ன?

தொண்ணூறுகளில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மஞ்சள் கேசட் செருகி டிவியில் ஆடினது ஒன்று, கோட்டார் சவேரியார் திருவிழாக் கடையில் அடம்பிடித்து வாங்கின பிரிக் கேம் இன்னொன்று. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பெரிய கம்பெனிகளிலும் அதே நிலைமைதான். வீட்டுக் கன்சோலுக்குள் ஒரு வகை சிப், கையடக்கக் கன்சோலுக்குள் வேறு வகை சிப், கேம் எழுதும் முறையும் வேறு, எழுதுகிற ஆட்களும் வேறு.

இப்போது நடந்திருப்பது என்னவென்றால் சிப் ஒன்று, அதன் மேல் ஓடும் சிஸ்டம் ஒன்று, கேமும் ஒன்று. டிவியோடு சேர்த்தால் வீட்டுக் கன்சோல், கழற்றி எடுத்தால் கைக்கேம். 2017 மார்ச் 3 அன்று வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச்தான் இதைச் சரியாகச் செய்து காட்டியது.

சும்மா இருந்த கம்பெனிக்கு இரண்டையும் சேர்க்க வேண்டிய அவசியம் என்ன வந்தது? ரயிலில் ஆடுவதற்காகவா?

விளம்பரத்தில் அப்படித்தான் காட்டினார்கள், மொட்டைமாடியிலும் விமானத்திலும் ஆடுகிற மாதிரி. உண்மையான காரணம் கேம் செய்கிற இடத்தில் இருந்தது என்பதுதான் என் கணிப்பு.

2012-ல் நிண்டெண்டோவின் நிலைமையைப் பாருங்கள். கைக்கேம் பக்கம் 3டிஎஸ், வீட்டுப் பக்கம் வீ யூ. 3டிஎஸ்-க்குள் இருந்தது மொபைல் வகை ஏஆர்எம் பிராசஸர், வீ யூ-வுக்குள் பவர்பிசி என்ற வேறு வகை பிராசஸர். கிராபிக்ஸ் சிப்பும் வேறு வேறு கம்பெனியுடையது. 3டிஎஸ்-ன் மேல் திரை ஒரு கண்ணுக்கு 400-க்கு 240 புள்ளி, வீ யூ-வோ முழு எச்டி டிவிக்கு. ஆக, ஒன்றுக்குச் செய்த கேமை மற்றதற்குக் கொண்டுபோவது என்றால் பாதிக்கு மேல் புதிதாகச் செய்கிற வேலை. 2014-ல் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் கேமை இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்து, 3டிஎஸ்-க்கு செப்டம்பரிலும் வீ யூ-வுக்கு நவம்பரிலும் வெளியிட்டார்கள். பேர் ஒன்று, ஆட்டக்காரர்கள் ஒன்று, ஆனால் ஒரே வீட்டில் இரண்டு உலை வைத்த கதை. எச்டி வந்த பிறகு ஒரு கேமுக்குத் தேவைப்படும் ஆட்களும் நாட்களும் கூடிக்கொண்டே போன காலம் அது.

இதன் விளைவு கடைகளில் தெரிந்தது. வீ யூ வாங்கினவர்களுக்கு மாதக்கணக்கில் புதுக் கேம் வராது, ஏனென்றால் அந்த ஆட்கள் 3டிஎஸ் பக்கம் ஓடியிருப்பார்கள். வெளிக் கம்பெனிகளும் வீ யூ-வைச் சீக்கிரமே கைகழுவின. கடைசியில் 3டிஎஸ் ஏறக்குறைய 7 கோடியே 59 லட்சம் விற்றது, வீ யூ 1 கோடியே 35 லட்சம் சொச்சத்தோடு படுத்துவிட்டது.

அப்போதைய தலைவர் சத்தோரு இவாட்டா இதை முன்கூட்டியே பார்த்தவர். 2013 பிப்ரவரியில் கைக்கேம் பிரிவையும் வீட்டுக் கன்சோல் பிரிவையும் ஒன்றாக்கினார். 2014 ஜனவரியில் முதலீட்டாளர்களிடம் பேசும்போது, இனி வரும் கன்சோல்கள் ஒரு குடும்பத்து அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆப்பிளின் ஐஓஎஸ்-ம் ஆண்ட்ராய்டும் பல அளவுக் கருவிகளில் ஒரே மாதிரி ஓடுவது போல என்று விளக்கினார். கருவி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. கேம் செய்கிற முறை ஒன்றாக வேண்டும் என்பதில்தான் உறுதியாக இருந்தார். 2015 மார்ச்சில் என்எக்ஸ் என்ற பெயரில் புதுக் கருவியை அறிவித்தார், அதே ஆண்டு ஜூலை 11-ல் இறந்துபோனார். ஸ்விட்ச் கடைக்கு வந்ததைப் பார்க்க அவர் இல்லை.

இதற்கு முன்னால் யாருக்கும் இந்த யோசனை வரவில்லையா?

வராமலா. 1990-ல் என்இசி, தன் வீட்டுக் கன்சோலின் கேம் கார்டையே செருகி ஆடுகிற கையடக்கக் கருவி ஒன்றை, டர்போ எக்ஸ்பிரஸ் என்ற பேரில் கொண்டு வந்தது. 1995-ல் செகா கம்பெனி நோமாட் என்று ஒன்றை அமெரிக்காவில் இறக்கியது, செகாவின் வீட்டுக் கன்சோலான மெகா டிரைவின் கேசட் அப்படியே ஓடும், டிவியிலும் இணைக்கலாம். யோசனையில் குற்றமில்லை, பேட்டரிதான் காலை வாரியது. 6 பென்சில் பேட்டரி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம். நம் வீட்டில் பென்சில் பேட்டரிக்கு அப்பாவிடம் காசு கேட்டுப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று தெரியும்.

எதிர்த் திசையிலும் முயன்றார்கள். நிண்டெண்டோவின் பழைய கைக்கேமான கேம்பாயின் கேசட்டை டிவியில் ஆட 1994-ல் சூப்பர் கேம்பாய், பிறகு 2003-ல் கேம்கியூப் என்ற வீட்டுக் கன்சோலின் அடியில் மாட்டுகிற கேம்பாய் பிளேயர். சோனி 2013-ல் தன் வீட்டா கைக்கேமின் சிப்பைச் சின்ன டப்பாவில் போட்டு டிவியோடு இணைக்கக் கொடுத்தது, ஆனால் தொடுதிரையை நம்பிச் செய்த பல கேம்கள் அதில் ஓடவில்லை. வீ யூ-வின் கன்ட்ரோலரிலேயே 6.2 அங்குலத் திரை இருந்தது. ஆனால் மூளை முழுக்க டிவி பக்கத்தில் இருந்த பெட்டிக்குள், அடுத்த அறையைத் தாண்டினால் படம் திக்கும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பக்கம் அசல், மறுபக்கம் ஒட்டு. அன்றைக்கு வீட்டுக் கன்சோலின் சிப்பைக் கைக்குள் அடக்கினால் சூடும் மின்சாரமும் தாங்காது. ஸ்மார்ட்போன் போட்டியில் மொபைல் சிப்கள் வேகமாக வளர்ந்ததால்தான் கதவு திறந்தது. ஸ்விட்சில் இருக்கும் என்விடியா டெக்ரா எக்ஸ்1, 2015-ல் அறிவிக்கப்பட்ட மொபைல் வகை சிப். அதே சிப் அந்த ஆண்டே ஒரு ஆண்ட்ராய்டு டிவி பெட்டியிலும் வந்துவிட்டது.

டாக்கில் வைத்தால் படம் தெளிவாகிறதே, டாக்குக்குள் கூடுதல் பிராசஸர் இருக்கிறதா?

இல்லை. இதைத்தான் அதிகம் பேர் தப்பாக நினைத்திருக்கிறார்கள், கடைக்காரர்கள் உட்பட. டாக் என்பது ஏறத்தாழ ஒரு பிளாஸ்டிக் கூடு. அடியில் யுஎஸ்பி-சி முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கன்சோலை மேலிருந்து இறக்கும்போது அந்த முனை அதன் அடிப்பகுதித் துளைக்குள் போய் உட்காரும், கையில் உள்ள திரை அணைந்து ஓரிரு நொடியில் டிவியில் படம் வரும். உள்ளே இருக்கும் சின்ன போர்டு, வருகிற படத்தை எச்டிஎம்ஐ ஆக்கி அனுப்புகிறது, கூடவே சார்ஜும் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

வித்தியாசம் கன்சோலுக்குள்ளேயே நடக்கிறது. சுவர் மின்சாரம் கிடைத்துவிட்டது, இனி பேட்டரியைப் பார்த்துச் சிக்கனம் பண்ண வேண்டாம் என்று தெரிந்ததும் கிராபிக்ஸ் பகுதி வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். முதல் ஸ்விட்சில் கையில் இருக்கும்போது வழக்கமாக 307 அல்லது 384 மெகாஹெர்ட்ஸ், டாக்கில் 768. சூடும் கூடும், மின்விசிறி சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டால் தெரியும். கேமும் இந்த மாற்றத்தைக் கேட்டு அறிந்து, புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டும். முதல் நாளே வந்த செல்டா கேம் கையில் 720 வரிகள், டிவியில் 900. ஒரே கேம், ஒரே சேவ், நடுவில் எதையும் மூடித் திறக்க வேண்டாம்.

2025-ல் வந்த அடுத்த மாடலான ஸ்விட்ச் 2-ம் இதே வழிதான். கையில் 561, டாக்கில் 1007 மெகாஹெர்ட்ஸ். அதன் டாக்கில் ஒரு மின்விசிறி சேர்ந்திருக்கிறது, அதுவும் குளிர்விக்க மட்டும்தான்.

அப்போ சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) அளவுக்குப் படம் வருமா?

வராது. பிஎஸ்5 கனமான கேம் ஓடும்போது 200 வாட் பக்கம் இழுக்கும். முதல் ஸ்விட்ச் டாக்கில் இருந்தாலும் பத்துப் பதினைந்து வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும், கையில் இருக்கும்போது அதைவிடக் குறைவு. ஒரே சிப் இரண்டு வேலை பார்க்க வேண்டும் என்றால் அதன் அளவை நிர்ணயிப்பது கைதான், டிவி அல்ல. உள்ளங்கையில் சுடக்கூடாது, பேட்டரி இரண்டு மணி நேரமாவது நிற்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையையும் வைத்துவிட்டுத்தான் மற்ற கணக்கே. இதை யாரும் ஏமாற்று என்று சொல்லக்கூடாது, ஒருங்கிணைப்புக்குக் கொடுத்த விலை இதுதான்.

ஸ்விட்ச் 2-ல் இந்த இடைவெளியைக் கொஞ்சம் சாமர்த்தியமாகக் குறைத்திருக்கிறார்கள். டிஎல்எஸ்எஸ் என்ற முறையில் கேம் படத்தைச் சிறிய அளவில் வரைந்துகொள்ளும், பயிற்சி பெற்ற ஒரு நியூரல் நெட்வொர்க் (ஏஐ நிரல்) அதைப் பெரிதாக்கும். கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். உன்னிப்பாகப் பார்த்தால் முடி, கம்பிவேலி மாதிரி மெல்லிய பொருட்கள் அசையும்போது ஓரத்தில் பொடிப்பொடியாகத் தெரியும், அதைப் பார்க்கப் பழகிவிட்டால் பிறகு மறக்க முடியாது என்பதால் பார்க்காமலேயே இருந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு. எது தாங்கும்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், பேட்டரி உள்ளது எதுவோ அது. ரப்பர் மரக் கிளை லைன் மேல் விழுந்தால் அன்றைய மாலை போயிற்று என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிஎஸ்5 மாதிரிப் பெட்டிகளில் கரண்ட் போன நொடியில் எல்லாம் அணைந்துவிடும், சேவ் பண்ணாதது போனதுதான், மறுபடி போட்டதும் முறையாக அணைக்கவில்லை என்று எச்சரிக்கை வேறு கொடுக்கும். ஸ்விட்சில் டிவிதான் அணையும். கன்சோலை டாக்கிலிருந்து எடுத்தால் ஆட்டம் விட்ட இடத்திலேயே நிற்கும்.

வீட்டில் ஒரே டிவி, ஏழு மணிக்கு அம்மாவுக்கு சீரியல் என்ற வீடுகளுக்கும் இதே பதில் பொருந்தும்.

ஸ்விட்ச் லைட் விலை குறைவு, அதை வாங்கி டிவியில் போட்டுக்கொள்ளலாமா?

முடியாது. டாக் தனியாக வாங்கினாலும் முடியாது, சந்தையில் விற்கிற எந்தக் கேபிளாலும் முடியாது, லைட்டில் டிவிக்குப் படம் அனுப்பும் வசதியே கொடுக்கவில்லை. 2019 செப்டம்பரில் வந்தது, கைக்கேம் மட்டும்தான், கன்ட்ரோலரும் கழறாது. இரண்டும் ஒன்றாகிவிட்டது என்று கொண்டாடி இரண்டே வருடத்தில் ஒன்றைக் கழற்றி விற்றார்களே என்று சிரிக்கலாம். ஆனால் இவாட்டா சொன்ன அண்ணன் தம்பிக் கணக்கு இதுதான். கருவி வேறாக இருக்கலாம், கேம் ஒன்றாக இருந்தால் சரி.

சோனி, மைக்ரோசாஃப்ட் எல்லாம் இதைச் செய்துவிட்டார்களா? பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்று ஒன்று பார்த்தேனே.

போர்ட்டலைப் பார்த்து மயங்க வேண்டாம். 2023 நவம்பரில் வந்த அந்தக் கருவிக்குள் பிஎஸ்5 கேம் ஓடாது. வீட்டில் இருக்கும் பிஎஸ்5-ல் கேம் ஓடும், படம் வைஃபையில் போர்ட்டலுக்கு வரும். பிறகு கிளவுட் வழியாகவும் ஆட வசதி சேர்த்தார்கள், அதற்கும் நெட் வேண்டும். பேச்சிப்பாறை மலைப்பக்கம் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நிற்கிறவர்களுக்கு அது உதவாது.

எக்ஸ்பாக்ஸ் பேரில் 2025 அக்டோபரில் அசுஸ் கம்பெனி கொண்டுவந்த ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் ஆலை (Ally) என்ற கைக்கேம், உள்ளுக்குள் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர்தான். எக்ஸ்பாக்ஸ் பேர் இருக்கிறதே என்று வீட்டில் இருக்கும் எக்ஸ்பாக்ஸ் டிஸ்க்கை நினைத்து வாங்கினால் வருத்தப்படுவீர்கள்.

நிஜமாகவே இதே வழியில் வேறு பக்கத்திலிருந்து வந்தது ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி. 2022 பிப்ரவரியில் வால்வ் என்ற கம்ப்யூட்டர் கேம் கம்பெனி வெளியிட்டது. கம்ப்யூட்டர் கேம் உலகத்தில் ஏற்கெனவே ஒரே கேம் ஆயிரம் விதமான மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது, எனவே அவர்கள் கேம் செய்யும் முறையை மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஏஎம்டியின் 4 முதல் 15 வாட் வரை இழுக்கிற ஒரு சிப்பைக் கையடக்கத்தில் போட்டால் போதுமாயிருந்தது. டாக் வழியாக டிவியிலும் ஆடலாம். ஆனால் எந்த கேம் எப்படி ஓடும் என்று அமைப்புகளை நோண்டத் தயாராக இருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் நோண்டுகிற வேலை உங்கள் தலையில்தான்.

ஒன்றாக்கியதில் நமக்கு நட்டமே இல்லையா?

இருக்கிறது, இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கைக்கேம் என்ற மலிவான வாசல் அடைபட்டுவிட்டது. 3டிஎஸ் 2011-ல் 249.99 டாலருக்கு வந்து, விற்காததால் அதே ஆண்டு 169.99-க்கு இறங்கியது. 2013-ல் மூன்று பரிமாணத் திரை இல்லாத 2டிஎஸ் 129.99-க்கே கிடைத்தது, சின்னப் பிள்ளை கையிலிருந்து கீழே போட்டாலும் மனசு அவ்வளவு பதறாத விலை. ஸ்விட்ச் தொடக்க விலை 299.99, லைட் 199.99. 2025 ஜூன் 5-ல் ஸ்விட்ச் 2 வந்தபோது 449.99. ஒரே பெட்டிதான் எல்லாமே என்று ஆன பிறகு, பிள்ளை பள்ளிக்கூட வேனில் ஆட வேண்டும் என்றாலும், லைட்டை விட்டால், வீட்டுக் கன்சோலின் காசைத்தான் கொடுக்க வேண்டும். ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் டிவி பக்கம் வெறும் கூடு மட்டும் இருக்கும், அண்ணன் தம்பி இருக்கிற வீடுகளில் இதற்கே தனி பஞ்சாயத்து.

இரட்டைத் திரை கேம்களும் போயின. கீழ்த்திரையில் பேனாவால் வரைபடம் கிறுக்கிக்கொண்டே மேல்திரையில் ஆடுகிற சுகம் 3டிஎஸ்-க்கு முந்தைய இரட்டைத் திரைக் கைக்கேமான டிஎஸ் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். டிவியிலும் ஓட வேண்டும் என்றதும் அந்த மாதிரி விளையாட்டுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

கம்பெனிக்கு நட்டம் எதுவும் இல்லை. ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது, 3டிஎஸ் தயாரிப்பை 2020-ல் நிறுத்தினார்கள். ஸ்விட்ச் 2 முதல் 4 நாளிலேயே 35 லட்சத்தைத் தாண்டியது.

நாகர்கோவிலில் இருந்து தினமும் திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போகிறேன். சார்ஜ் நிற்குமா?

போக ஒரு வழிக்குத் தாராளமாக நிற்கும். முதல் ஸ்விட்ச் கேமைப் பொறுத்து இரண்டரை முதல் ஆறரை மணி நேரம், 2019-ல் வந்த திருத்திய மாடல் நாலரை முதல் 9 மணி நேரம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சிப் சிறிய அளவில் செய்யப்பட்டதால் வந்த மிச்சம். பழையது வாங்குவதாக இருந்தால் திருத்திய மாடல்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்விட்ச் 2 இரண்டு முதல் ஆறரை மணி நேரம் என்கிறார்கள், கனமான கேம் என்றால் இரண்டுக்குப் பக்கத்தில்தான் எதிர்பார்க்க வேண்டும். இரணியல் தாண்டி ஜன்னல் பக்கம் வெயில் ஏறினால் திரை தெரியாது. தக்கலை வழி பஸ்ஸில் போகிறவர்கள் இந்தக் கேள்வியையே கேட்க வேண்டாம், அந்த வளைவுகளில் திரையைப் பார்த்தால் மார்த்தாண்டம் வருவதற்குள் குமட்டும்.

துபாயில் இருந்து மாமா வாறாவ, கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்லலாம். இந்தியாவில் நிண்டெண்டோ ஸ்விட்சை அதிகாரபூர்வமாக விற்கவில்லை, கடைகளில் இருப்பது எல்லாம் இப்படி வந்ததுதான், கூடவே கடைக்காரரின் லாபம். கார்ட்ரிட்ஜ் எந்த நாட்டில் வாங்கினாலும் பொதுவாக ஓடும். ஒரே ஒரு எச்சரிக்கை, ஜப்பானில் மட்டும் விற்கிற மலிவு விலை ஸ்விட்ச் 2 ஜப்பானிய மொழியிலும் ஜப்பான் கணக்கிலும் மட்டுமே இயங்கும், அங்கே இருக்கும் சொந்தக்காரர் ஆசையாக வாங்கி வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம். துபாய் சார்ஜரின் மூன்று பட்டை முள் பிளக் நம் சுவரில் இறங்காது, வடசேரியில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் மாற்று பிளக் கிடைக்கும்.

ஸ்விட்ச் 2 என்றால் இன்னும் இரண்டு விஷயம். மெமரி கார்டு பழைய மைக்ரோ எஸ்டி போதாது, எக்ஸ்பிரஸ் வகை வேண்டும், அதையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்புறம், சில கேம் கார்டுகளில் கேமே இருக்காது, சாவி மட்டும்தான், முழு கேமையும் டவுன்லோட் பண்ணித்தான் ஆட வேண்டும். பெட்டியின் முன்பக்கம் அடியில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். மொபைல் டேட்டாவை நம்பி இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ரிப்பேர் ஆனால்?

இங்கே அதிகாரபூர்வ சர்வீஸ் இல்லை. நல்ல மொபைல் கடைக்காரர் யாராவதுதான் கதி. அதிகம் வருகிற கோளாறு கன்ட்ரோலர் குச்சி, நாம் தொடாமலேயே ஆள் ஒரு பக்கமாக நடந்துகொண்டே போவான். உள்ளே உரசுகிற பகுதி தேய்வதுதான் காரணம், அந்தக் குச்சியை மட்டும் மாற்றிவிடலாம், பெரிய செலவு இல்லை. குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்கள் சார்ஜ் துளையைக் கவனியுங்கள். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் பின்கள் பச்சை பூக்கும், அப்புறம் டாக்கில் வைத்தால் சார்ஜ் ஏறும், டிவியில் படம் வராது. ஆடாத நாட்களில் உறையில் போட்டு மூடி வையுங்கள்.

பழைய 3டிஎஸ், வீ யூ கேம்களை இதில் போடலாமா?

போட முடியாது, அவற்றின் சிப்பும் வேறு, செருகும் வடிவமும் வேறு. முதல் ஸ்விட்சின் கார்ட்ரிட்ஜ்கள் ஸ்விட்ச் 2-ல் பெரும்பாலும் ஓடும். துபாய் சார்ஜரின் மூன்று பட்டை முள் பிளக் நம் சுவரில் இறங்காது, வடசேரியில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் மாற்று பிளக் கிடைக்கும்.